பழி சுமந்த செடியின் பள்ளத்தாக்கில்

சுவிட்சர்லாந்தின் மோத்தியே கிராமத்தின் நடுவில் ஒரு பழைய நீதிமன்றக் கட்டடம் இருக்கிறது. அப்சிந்த் என்னும் மூலிகை மதுவைத் திருட்டுத்தனமாகக் காய்ச்சிப் பிடிபட்டவர்களை ஒரு காலத்தில் இங்கேதான் விசாரித்து அபராதம் விதித்தார்கள். 2014 முதல் அதே கட்டடம் அப்சிந்தின் அருங்காட்சியகமாக இயங்குகிறது. அன்று குற்றமாக இருந்ததை இன்று அதே கூரையின் கீழ் கோப்பையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். இந்த மதுவைப் பற்றிக் கேள்விப்பட்டதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அது பிறந்த மண்ணில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கு இதைவிடப் பொருத்தமான வாசல் கிடையாது.

பனிமலையும் சாக்லேட்டும் தேடி சுவிட்சர்லாந்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நூஷாத்தேல் ஏரிக்கரையில் கிளம்பும் சிறிய ரயில் அரூஸ் ஆற்றின் இடுக்குக்கு மேலாக ஊர்ந்து ஏறி, ஜூரா மலைகளுக்கு நடுவே வால்-த-திராவேர் என்னும் பள்ளத்தாக்கில் நுழைகிறது. நுவரேக், திராவேர், கூவே, மோத்தியே, ஃப்ளூரியே என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஈரம் ஊறிய புல்வெளிகள், மலைச்சரிவில் இருண்ட ஊசியிலைக் காடு, ஓடு வேய்ந்த கனத்த வீடுகள். சிந்தனையாளர் ரூசோ 1762 முதல் 1765 வரை மோத்தியேயில் அடைக்கலம் புகுந்திருந்தார். கடைசியில் அவர் வீட்டின் மீது ஊரார் கல்லெறிய, அவர் வெளியேற நேர்ந்தது. அந்த வீடு இப்போதும் நிற்கிறது.

அருங்காட்சியகத்தை ஒட்டிய தோட்டத்தில் அப்சிந்துக்கான மூலிகைகளை வளர்க்கிறார்கள். வெள்ளி பூசியது போன்ற சாம்பல் பச்சை இலைகளோடு நின்ற செடியைத்தான் முதலில் தேடினேன். தாவரவியலில் அர்த்தமீசியா அப்சிந்தியம். இலையைக் கசக்கி முகர்ந்ததும் எனக்கு மதுரைப் பூச்சந்தைதான் நினைவுக்கு வந்தது. நம் மரிக்கொழுந்தும் இதே பேரினத்தைச் சேர்ந்த செடி. ஆனால் மரிக்கொழுந்தின் இனிமை இதில் இல்லை. நுனி இலையை நாக்கில் வைத்தால் கசப்பு வெகுநேரம் தங்குகிறது. பக்கத்திலேயே சிறிய அப்சிந்த் எனப்படும் மெல்லிலைச் செடி, ஈசோப்பு, எலுமிச்சை மணம் வீசும் மெலிசா. இவற்றோடு சோம்பும் பெருஞ்சீரகமும் சேர்ந்தால் அப்சிந்தின் அடிப்படை தயார். மற்றவை அந்தந்த வீட்டு ரகசியம்.

வரலாறு கூவே ஊரில் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பியேர் ஒர்தினேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை மருந்தாக விற்றார் என்பது ஒரு கதை. அவருக்கு முன்பே அந்த ஊரின் ஆன்ரியோ குடும்பத்துப் பெண்கள் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள் என்பது இன்னொரு கதை. மூலிகை பறிப்பதும் உலர்த்துவதும் கஷாயம் வடிப்பதும் வீட்டுப் பெண்களின் கைவேலையாக இருந்த காலம் அது. ஆகவே நான் ஆன்ரியோ அம்மையாரின் பக்கம் நிற்கிறேன். 1797இல் துபியே என்ற மேஜர் செய்முறையை விலைக்கு வாங்கி, மருமகன் ஆன்ரி-லூயி பெர்னோவோடு சேர்ந்து கூவேயில் வடிசாலை அமைத்தார். பிரான்சுக்குள் கொண்டுசெல்லச் சுங்கவரி அதிகம் என்பதால் 1805இல் பெர்னோ எல்லை தாண்டி போந்தார்லியே நகரில் தன் ஆலையைத் தொடங்கினார். பிறகு அல்ஜீரியாவைக் கைப்பற்றும் போரில் பிரெஞ்சுச் சிப்பாய்களுக்குக் காய்ச்சல் தடுப்பாக இதைக் கொடுத்தார்கள். அவர்கள் அந்தச் சுவையோடு ஊர் திரும்பினார்கள். 1860களுக்குப் பிறகு ஃபிலாக்ஸெரா பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்து ஒயின் விலையை ஏற்றியபோது, பீட்ரூட்டிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுத்த மலிவான சாராயத்தில் செய்த அப்சிந்த் ஏழைகளின் மேசைக்கும் வந்தது. பாரிஸில் மாலை ஐந்து மணிக்குப் பச்சை நேரம் என்றே பெயர். ஓவியர் தேகா வரைந்த அப்சிந்த் ஓவியமும் கவிஞர் வெர்லேனின் குடியும் எல்லோரும் எழுதித் தீர்த்தவை. நான் பள்ளத்தாக்குக்குத் திரும்புகிறேன்.

மோத்தியேயிலிருந்து வயல்களைக் கடந்து எதிர்ச்சரிவுக்கு நடந்தால் போவ்ரெஸ் கிராமம். அங்கே 1893இல் கட்டிய மூலிகை உலர்த்தும் கூடம் ஒன்று மிச்சமிருக்கிறது. உயரமான மரக் கட்டடம். அறுத்த செடிகளைக் கட்டுக் கட்டாக உள்ளே தொங்கவிட்டு, காற்று புகுந்து வெளியேறும்படி செய்திருக்கிறார்கள். காய்ந்த செடியின் மணம் மரப்பலகைகளுக்குள்ளேயே இறங்கியிருந்தது. விவசாயிகள் அப்சிந்தை நம்பிப் பயிரிட்டு வாழ்ந்தார்கள் என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைக்கிறது. 1910இல் அப்சிந்துக்குத் தடை வந்தபோது இவர்கள் வயலும் சேர்ந்தே விழுந்தது.

அன்று மாலை, வீட்டோடு சேர்ந்த ஒரு சிறு வடிசாலையில் அமர்ந்தேன். எழுபதைக் கடந்த ஒரு பெண்மணி நடத்துகிறார். உலர்ந்த மூலிகைகளைச் சாராயத்தில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் செப்பு வாலையில் மெல்லிய சூட்டில் வடிக்கிறார். முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுவில் வருவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார். வாலையிலிருந்து இறங்குவது தண்ணீர் போலத் தெளிவானது. அதை மறுபடி மூலிகைகளில் ஊறவைத்தால் இலையின் பச்சையம் இறங்கிப் பச்சை நிறம் ஏறும். இந்தப் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. தெளிந்த சரக்கையே ‘நீலி’ என்ற பொருள்படும் பெயரில் அழைத்துக் குடிக்கிறார்கள். தடைக்காலத்தில் பச்சை நிறம் காட்டிக்கொடுத்துவிடும். நிறமற்ற புட்டி அப்படிக் காட்டிக்கொடுக்காது.

அவர் கோப்பையில் ஊற்றியது அடிப்பக்கம் மட்டும் நனையும் அளவு. மேசை நடுவே நான்கு சிறு குழாய்கள் வைத்த உயரமான கண்ணாடிக் குடுவை, அதில் ஐஸ் போட்ட நீர். குழாயைச் சொட்டுச் சொட்டாக விழும்படி திருகிவிட்டு, “அவசரப்படாதீர்கள், தண்ணீர் தன் வேலையைச் செய்யட்டும்” என்றார். முதல் சொட்டுகள் விழுந்த இடத்தில் எண்ணெய் நெளிவது போல ஓர் அசைவு. பிறகு அடியில் ஒரு வெண்புகை சுருண்டு, மெல்ல மேலேறி, மேலே மட்டும் ஒரு தெளிந்த வளையம் மீந்து நின்றது. அந்த வளையமும் மறைந்தபோது கோப்பை முழுவதும் நீர்மோர் நிறம். சோம்பின் மணத்துக்குக் காரணமான அனெத்தோல் என்னும் எண்ணெய்ப் பொருள் சாராயத்தில் கரையும், நீரில் கரையாது. நீர் கூடக் கூட அது நுண்ணிய துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. காரணம் தெரிந்த பிறகும் அதிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. நீர் விழ விழ மணமும் மாறுகிறது. முதலில் சோம்பு, பிறகு புல்லும் பூவும், கடைசியில் அந்தக் கசப்புச் செடி.

ஒரு பங்குக்கு மூன்று முதல் ஐந்து பங்கு நீர் என்பது வழக்கம். ஐம்பது, அறுபது, சில சமயம் எழுபது சதவீதத்தைத் தாண்டும் சாராயம் இப்படித்தான் ஒயினின் அளவுக்கு இறங்குகிறது. துளைக் கரண்டியைக் கோப்பையின் மேல் வைத்து, அதில் சர்க்கரைக் கட்டியை இருத்தி, அதன் மேல் நீரைச் சொட்டவிடுவது பாரிஸ் விடுதிகளில் வேரூன்றிய முறை. கசப்பு மிகுந்த பச்சை வகைக்கு அது தேவைதான். இங்கே நீலிக்குப் பலர் சர்க்கரை சேர்ப்பதில்லை. அந்தப் பெண்மணியும் எனக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அந்த மென்மையான கசப்பு எனக்குக் கிடைத்திருக்காது.

சர்க்கரைக் கட்டியை அப்சிந்தில் நனைத்துத் தீ வைக்கும் வேடிக்கையைப் பற்றிக் கேட்டபோது அவர் முகம் சுருங்கியது. அது 1990களில் செக் நாட்டு மதுக்கூடங்களில் பரவிய காட்சி. பழைய அப்சிந்த் மரபில் அதற்கு இடமே இல்லை. பிராகாவில் நானும் அதைப் பார்த்திருக்கிறேன். கருகிய சர்க்கரை மூலிகையின் மணத்தை அழித்துவிடுகிறது. அந்தச் சரக்கில் பெரும்பாலும் சோம்பு குறைவு என்பதால் நீர் ஊற்றினாலும் வெண்மை திரள்வதில்லை. ஒரு பள்ளத்தாக்கின் நுட்பமான கைத்தொழிலை உலகம் அந்தத் தீயின் வழியாக அறிந்துகொண்டிருக்கிறது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

அதைவிடப் பெரிய அநீதி நூறாண்டுக்கு முன்பே நடந்துவிட்டது. 1905 ஆகஸ்ட் 28 அன்று வோ மாநிலத்தின் கொம்முன்யி கிராமத்தில் ஜான் லான்ஃப்ரே என்ற கூலித் தொழிலாளி, கருவுற்றிருந்த மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றான். அன்று அவன் குடித்தவை பல கோப்பை ஒயின், பிராந்தி, இன்னும் பலவகை மது. அவற்றோடு இரண்டு கோப்பை அப்சிந்த். நாளொன்றுக்கு லிட்டர் கணக்கில் ஒயின் குடிக்கும் பழக்கமுள்ளவன் அவன். செய்தித்தாள்கள் அந்த இரண்டு கோப்பையை மட்டும் பிடித்துக்கொண்டன. நீதிமன்றத்தில் மனநல மருத்துவரும் அதை அப்சிந்த் வெறி என்றே சொன்னார். 1908 ஜூலை 5 அன்று நடந்த நாடு தழுவிய வாக்கெடுப்பில் 63.5 சதவீதம் பேர் தடையை ஆதரித்தார்கள். நூஷாத்தேலும் ஜெனீவாவும் மட்டும் எதிர்த்தன. 1910 அக்டோபர் 7 முதல் தடை. 1915இல் பிரான்சும் பின்தொடர்ந்தது.

குடியால் குடும்பங்கள் சிதைந்தது பொய்யில்லை. தடை கேட்டவர்களில் நல்ல மனம் படைத்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மலிவுச் சரக்கில் நிறத்துக்காகச் செப்பு உப்புகளைக் கலந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் 1907இல் பாரிஸின் திரோக்கதெரோ அரங்கில் கூடிய பெரும் கூட்டம் அப்சிந்தை எதிர்த்து ஒயினை ஆதரித்தது என்பதைப் பார்க்கும்போது விஷயம் புரிகிறது. மீண்டெழுந்த திராட்சைத் தோட்டங்களுக்குச் சந்தை வேண்டியிருந்தது. சாராயம் செய்த கேட்டைச் செடியின் தலையில் கட்டினார்கள். வலான்தென் மான்யான் என்ற மருத்துவர் செடியின் எண்ணெயை விலங்குகளுக்குச் செலுத்தி, வலிப்பு வந்ததைச் சான்றாகக் காட்டினார். குடிப்பவர் கோப்பைக்குள் போவது அந்த எண்ணெயின் மிகச் சிறு பகுதி. தடைக்கு முந்தைய 13 பழைய புட்டிகளைச் சோதித்து 2008இல் வெளியான ஆய்வில், மனக்கோளாறு தரும் என்று அஞ்சப்பட்ட, செடியின் எண்ணெயில் உள்ள தூஜோன் என்னும் பொருள் லிட்டருக்குச் சராசரியாக 25 மில்லிகிராம் அளவே இருந்தது. இன்றைய ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 35 மில்லிகிராம். பச்சைத் தேவதை என்பது அப்சிந்தின் பட்டப்பெயர். பித்துப் பிடிக்க வைத்த அந்தத் தேவதையை அந்தப் புட்டிகளில் காணோம். அவற்றில் இருந்தது கடுமையான சாராயம்.

பள்ளத்தாக்கு மட்டும் காய்ச்சுவதை விடவில்லை. சமையலறையிலும் நிலவறையிலும் வாலைகள் ஓடின. ‘போவ்ரெஸ் தேநீர்’, ‘ஜூராவின் பால்’ என்று பெயர் மாற்றிக் கேட்டார்கள். லா மலோத் என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட பெர்த் சுர்புகன் 1960களில் தண்டனை பெற்றபோது, அபராதத்தை இப்போதே கட்டவா, வழக்கமான லிட்டரை வாங்க வரும்போது பெற்றுக்கொள்கிறீர்களா என்று நீதிபதியையே கேட்டதாக இங்கே ஒரு கதை வழங்குகிறது. 1983இல் நூஷாத்தேலுக்கு வந்த பிரெஞ்சு அதிபர் மித்தரானுக்கு விருந்தில் அப்சிந்த் மணக்கும் குளிர்ந்த சூஃப்லே பரிமாறப்பட, அது நாட்டையே பேசவைத்த வழக்காகியது. 2005 மார்ச் 1 அன்று தடை நீங்கியது. காட்டுப் பாதைகளின் ஊற்றருகே வழிப்போக்கருக்காகப் புட்டியை ஒளித்துவைக்கும் பழக்கம் அதற்குப் பிறகும் தொடர்கிறது. ஊற்றுநீரைக் கலந்து குடித்துவிட்டுக் காசு வைத்துவிட்டுப் போகலாம்.

அடுத்து எல்லை தாண்டி போந்தார்லியே போனேன். தடைக்கு முன் இங்கே இருபதுக்கும் மேற்பட்ட வடிசாலைகள் இயங்கின. 1901 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை, பெர்னோ ஆலையில் மின்னல் விழுந்து தீப்பற்றியது. பெருந்தொட்டிகள் வெடித்தால் நகரமே எரியும் என்று அஞ்சி, அப்சிந்தை அப்படியே திறந்து டூ என்னும் ஆற்றில் ஓடவிட்டார்கள். அதன் பிறகு, மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு பள்ளத்தாக்கில் பிறக்கும் லூ ஆற்றின் ஊற்றில் அப்சிந்த் மணத்தது. டூவின் நீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி நிலத்தடியில் ஓடி லூவாக வெளிவருகிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது. பிறகு சாயம் கரைத்துச் செய்த சோதனையும் அதை உறுதிசெய்தது.

அந்த ஊற்றைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். போந்தார்லியேயிலிருந்து ஓர்நான் போகும் வழியில் ஊவான் கிராமத்தில் திரும்ப வேண்டும். பஸ்ஸை நம்ப வேண்டாம், காரில் போவது நல்லது. வண்டியை விட்டு இறங்கிக் காட்டுப் பாதையில் கீழே நடந்தால், செங்குத்துப் பாறையின் அடியிலிருக்கும் பெரிய குகைவாயிலிருந்து ஆறு முழு அகலத்தோடு இரைந்துகொண்டு வெளியே பாய்கிறது. மழைக்குப் பிந்தைய நாட்களில் வேகம் அதிகம், படிகள் வழுக்கும். நல்ல காலணி அணிந்து செல்லுங்கள்.