மூன்று மணி முழிப்பு

காலையில் கிளினிக் வாசலில் ஒரு ஓட்டோவின் டயர் வெடித்தது.

வரிசையில் இருந்த எல்லோரும் திடுக்கிட்டோம். அப்புறம் சிரித்தோம்.

பக்கத்தில் இருந்த நாவலடி மாமி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த இலக்கத் துண்டு நடுங்கியது. பத்து நிமிடம் கழித்தும் அதன் ஓரம் ஆடிக்கொண்டே இருந்தது.

"பிரஷர்தான் மகன்" என்றார். மறுகா மெல்ல, "விடியப்புறம் மூணு மணிக்கு முழிப்பு வந்திரும். சோறு இறங்குதில்ல. ஒண்டிலயும் மனம் இல்ல."

2004 சுனாமியில் கடல் நாவலடி ஊரை என்ன செய்தது என்று மட்டக்களப்பில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நானும் கேட்கவில்லை.

ஆபத்து என்றால் மூளை கட்டளை போடும். சிறுநீரகத்தின் மேலே குந்தியிருக்கும் அட்ரீனல் சுரப்பி கோர்டிசோல் என்ற அழுத்த ஹோர்மோனை விடும். வேலை முடிந்ததும் அதே கோர்டிசோல்தான் மூளையிடம் போய் 'போதும்' என்று சொல்லும். கடுமையான மனச்சோர்வு உள்ள பலரில் அந்தப் 'போதும்' சரியாகக் கேட்பதில்லை. சுரப்பு தணியாமல் நிற்கும். சிலருக்கு நேர்மாறு, அழுத்தம் வந்தாலும் உடம்பு பெரிதாக அசையாது. அதனால் இரத்தத்தைச் சோதித்து மட்டும் மனச்சோர்வைக் கண்டுபிடித்துவிட முடியாது. ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

மனம் சோர்ந்தாலும் நம்மட ஆக்கள் நெஞ்சிடி, தலையிடி, உடம்பு உளைவு என்றுதான் சொல்வார்கள். அதைக் கள்ள வருத்தம் என்பவர்களோடு எனக்குக் கோபம்.

மாமியின் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

"டொக்டரிட்ட நித்திரைக் கதையையும் சொல்லுங்க மாமி."

"அதையுமா?" என்று என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.