மருந்துக்கடை நாட்குறிப்பு: "உனக்கென்ன குறைச்சல்?"

ஆகஸ்ட் 6, 2024

திருமங்கலம் கடையில் காலையிலேயே நல்ல கூட்டம். ஐம்பது வயதிருக்கும் ஓர் அக்கா கை கால் குடைச்சலுக்கு மாத்திரையும் சத்து டானிக்கும் கேட்டார். போன மாதமும் இதையேதான் வாங்கினார். தூக்கம் எப்படி என்று கேட்டேன். "படுத்தா தூங்கிருவேன் தம்பி. மூணு மணிக்கு முழிப்புத் தட்டிரும், அப்புறம் பொட்டுத் தூக்கம் கிடையாது" என்றார். சோறு ருசிக்கவில்லையாம். வீட்டிலிருந்தே பூக்கட்டிக் கொடுத்தவர், இரண்டு மாதமாக நாரையே தொடவில்லை.

எங்கள் பக்கம் மனச்சோர்வு பெரும்பாலும் இப்படித்தான் கடைக்கு வருகிறது. குடைச்சல், தலைபாரம், அசதி, நெஞ்சுப் படபடப்பு. மனசு சரியில்லை என்று சொல்லி வருகிறவர் அபூர்வம். இரண்டு வாரமாக நாள் முழுக்க மனம் கனத்துக் கிடந்தாலோ, ஆசையாகச் செய்த வேலையில் பிடிப்பு விட்டுப்போனாலோ, கூடவே தூக்கமும் பசியும் தெம்பும் கெட்டால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னேன். கூட வந்த நாத்தனார் முகம் சுளித்தார். "இவளுக்கென்ன குறைச்சல்? மாடி வீடு, மகன் சிங்கப்பூர்ல."

ஆகஸ்ட் 8

நாத்தனாரின் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. சர்க்கரை வந்தவரிடம் உனக்கென்ன குறைச்சல் என்று யாராவது கேட்கிறோமா?

இந்த நோய்க்கு ஒற்றைக் காரணம் கிடையாது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைப் பார்த்தால், பரம்பரையின் பங்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்று அதிகம். மிச்சமெல்லாம் அவரவர் வாழ்க்கையிலிருந்து வருவது. லண்டனில் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் இருவரும் ஆராய்ந்து 1978இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரிய இழப்போ தீராத கஷ்டமோ வந்த பிறகுதான் பலருக்கு நோய் தொடங்கியிருந்தது. ஆனால் கஷ்டப்பட்ட எல்லோருக்கும் அது வரவில்லை. சின்ன வயதில் தாயை இழந்தவர், வீட்டில் சிறு பிள்ளைகள் பலர் இருந்தவர், வெளியே வேலைக்குப் போகாதவர், மனம்விட்டுப் பேச ஆளில்லாதவர் ஆகியோரே அதிகம் நோயில் விழுந்தார்கள்.

அக்கா கதையைக் கேட்டால் அப்படியே பொருந்துகிறது. கணவர் இறந்து ஒரு வருஷம். சேர்ந்து உட்கார்ந்து பூக்கட்டிய பக்கத்து வீட்டம்மா திருப்பூருக்கு மகளோடு போய்விட்டார். அந்த மாடி வீட்டில் பேச்சுத் துணைக்கு டிவி மட்டும்தான்.

உடம்பையும் விட்டுவிடக் கூடாது. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 வைட்டமின் குறைவு, சில ஸ்டீராய்டு மருந்துகள், குடி எல்லாமே மனதைக் கவிழ்க்கும். பிள்ளை பெற்ற உடம்புக்கும் இது வரும். அதை 'பச்சை உடம்புக்காரி அப்படித்தான் அழுவா' என்று ஒதுக்கிவிடுகிறோம்.

ஆகஸ்ட் 19

அக்கா சீட்டோடு வந்தார். ரத்தப் பரிசோதனையில் கோளாறு இல்லை. மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் மாத்திரை எழுதியிருந்தார்கள்.

இந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கும்போது ஐந்து நிமிஷமாவது பேச வேண்டும் என்பது என் பிடிவாதம். இது தலைவலி மாத்திரை மாதிரி உடனே கேட்காது. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். ஆனால் குமட்டலும் வயிற்றுப் பிரட்டலும் முதல் வாரத்திலேயே வந்துவிடும், அப்புறம் தணியும். நல்லது நடக்குமுன் தொந்தரவு வந்துவிடுவதால்தான் பலர் பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். இன்னொரு பயம், அடிமையாகிவிடுவோமோ என்பது. சாராயம்போல ஏங்க வைக்கும் மருந்து இல்லை இது. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், அதனால் மருத்துவர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள்.

மூளையில் செரோட்டோனின் என்ற ரசாயனம் குறைவதால்தான் நோய் என்று நெடுங்காலம் சொல்லி வந்தோம். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தலாமா என்று சிலர் கேட்டார்கள். கூடாது. நோய் வரும் வழி முழுதாகப் பிடிபடாவிட்டாலும் மருந்து பலருக்குக் கைகொடுக்கிறது.

செப்டம்பர் 3

இருட்டிய பிறகு ஒரு தம்பி சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டார். கொடுக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். கடன், விளைச்சல் இல்லை, ராத்திரி குடித்தால்தான் கண்ணயர்கிறார். "செத்துரலாம்னு தோணுதா தம்பி?" என்று நேராகவே கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார்.

அப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. கேட்டதும் அவர் அழுதார், பிறகு பேசினார். அவருடைய அண்ணனை வரவழைத்து, அன்று இரவே மருத்துவமனைக்கு அனுப்பினேன். வீட்டில் வைத்திருக்கும் பூச்சிமருந்தை முதலில் அப்புறப்படுத்தச் சொன்னேன். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பின் தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. நம் தோட்ட வீடுகளில் அந்த டப்பா கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன், அரசின் மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

செப்டம்பர் 15

அக்காவுக்கு இப்போது ஐந்து மணி வரை தூக்கம் வருகிறது. ருசி இன்னும் திரும்பவில்லை. மனசு வந்தால் பூக்கட்டலாம் என்று காத்திருக்கிறார். காத்திருக்க வேண்டாம் அக்கா, முதலில் ஒரு முழம் கட்டுங்கள், மனசு பின்னால் வரும் என்றேன். இது என் சொந்தச் சரக்கு இல்லை. கோவாவில் மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர் ஆட்களைப் பழக்கி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த மனச்சோர்வு நோயாளிகளை விட்டுப்போன வேலைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்கள். ஆறிலிருந்து எட்டு முறை உட்கார்ந்து பேசியதிலேயே நல்ல பலன். 2017இல் வெளியான ஆய்வு அது.

முதல் தடவை மனச்சோர்வு வந்து குணமானவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அது மறுபடி வருகிறது. அதனால் விடிகாலை விழிப்பு, ருசியின்மை என்று தனக்கு முதலில் எது கெட்டது என்பதை ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நேரத்துக்கு எழுவது, தினமும் நடப்பது, குடியை விடுவது எல்லாமே நல்லதுதான். என்னைக் கேட்டால், வாரம் ஒரு தடவையாவது மறைக்காமல் பேச ஓர் ஆள் இருப்பதையே முதலில் வைப்பேன். திருப்பூர் அம்மாவுக்கு ஞாயிறுதோறும் போன் போடுவதாக அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார்.

செப்டம்பர் 24

ஒரே வலி மாத்திரைக்கு அடுத்தடுத்து வருகிறவர்களிடம் தூக்கத்தையும் பசியையும் விசாரிக்க வேண்டும் என்று கடைப் பையனிடம் சொல்லியிருக்கிறேன். நாலு பேர் நிற்கும்போது கேட்காதே, ஓரமாகக் கூப்பிட்டுக் கேள் என்றும் சொன்னேன். நாளை முதல் மதியம் கூட்டம் குறையும் நேரத்தில் அவனுக்கு இதைப் பழக்கப் போகிறேன்.