பொட்டெம்கின்: படிக்கட்டுக்கு முன்னால் அந்த இறைச்சி

‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ என்ற பழைய ரஷ்யப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லாரும் ஒதெஸா நகரப் படிக்கட்டில் படை மக்களைச் சுடும் காட்சிக்குத் தாவிவிடுகிறோம். குழந்தை வண்டி தனியாக உருண்டு இறங்குவதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது, உண்மைதான். ஆனால் என்னை உலுக்குவது அதற்கு முன்னால் வரும் இறைச்சி.

கப்பல் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார். இரண்டாக மடித்து, பூதக்கண்ணாடி மாதிரி பிடித்து, மாலுமிகளுக்கான கறியைப் பார்க்கிறார். திரை முழுக்கப் புழு நெளிகிறது. அவரோ இது புழுவே இல்லை, உப்புத்தண்ணீரில் கழுவினால் போய்விடும் என்கிறார். கண்ணெதிரே நெளிவதை இல்லை என்று சொல்ல என்ன திமிர் வேண்டும்! 1905 ஜூனில் கருங்கடலில் பொட்டெம்கின் கப்பலில் வெடித்த மாலுமிகளின் கலகத்துக்கு நிஜத்திலும் பொறி அந்தக் கறிதான்.

1925இல் இதை எடுத்தபோது இயக்குநர் ஐசன்ஸ்டைனுக்கு வயது 27. கறுப்பு வெள்ளைப் படத்தில் கலகக்காரர்கள் ஏற்றும் கொடிக்கு மட்டும் கையாலேயே சிவப்புத் தீட்டினார்கள்.

ஒதெஸாவில் நிஜமாகவே துப்பாக்கிச்சூடு நடந்தது, பலர் செத்தார்கள். ஆனால் படத்தில் வருகிற மாதிரி படிக்கட்டில் அல்ல, அது இயக்குநரின் கற்பனை. அதில் எனக்குக் குறையில்லை. முடிவில்தான் மனசு ஆறவில்லை. படம் வெற்றி முழக்கத்தோடு முடிகிறது. நிஜக் கப்பலோ ருமேனியாவின் கான்ஸ்டன்ஸா துறைமுகத்தில் சரணடைந்தது. கலகத்தை முன்னின்று நடத்திய மாலுமி மத்யுஷென்கோ பிறகு ரஷ்யா திரும்பி, பிடிபட்டு, 1907இல் தூக்கில் தொங்கினார்.

அவரையும் தெரிந்துகொண்டு படத்தைப் பாருங்கள். ஒன்றேகால் மணி நேரம்தான்.