வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது

நாங்கள் நால்வரும் சேர்ந்து செய்த முதல் பெரிய பட்டத்தில் ஓர் ஆந்தை இருந்தது. மகள் மூன்று வாரம் உட்கார்ந்து அதன் ஒவ்வோர் இறகையும் அக்ரிலிக் வண்ணத்தால் தீட்டியிருந்தாள். மேசைமேல் கிடந்தபோது அவ்வளவு அழகு. காற்றில் ஏறியதும் வெறும் கறுப்புத் துண்டாகிவிட்டது. பறக்கும் பட்டத்தை நாம் கீழிருந்து பார்க்கிறோம், வெளிச்சமோ அதற்குப் பின்னாலிருந்து வருகிறது என்பது அன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒளி ஊடுருவாத வண்ணம், மஞ்சளே ஆனாலும், வானத்துக்கு எதிரே கறுப்புதான். போதாக்குறைக்கு, ஒரு சிறகில் வண்ணம் தடிப்பாக ஏறியிருந்ததால் பட்டம் அந்தப் பக்கமே சாய்ந்து சாய்ந்து இறங்கியது.

அதன்பின் ரிப்ஸ்டாப் நைலானுக்கு மாறினோம். சிறு கட்டங்களாகத் தடித்த இழை ஓடும் இத்துணியில் கிழிசல் எளிதில் பரவாது. இதில் நாங்கள் படம் வரைவதில்லை, தைக்கிறோம். அது என் மனைவியின் பொறுப்பு. இரண்டு நிறத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, படத்தின் கோட்டின் மேலேயே நெளிதையல் போட்டு, பிறகு தையலை ஒட்டி ஒரு பக்கத்தில் மேல்துணியையும் மறுபக்கத்தில் அடித்துணியையும் கத்தரித்து எடுத்துவிட வேண்டும். இவ்வாறு செய்தால் எவ்விடத்திலும் ஒற்றை அடுக்குத் துணியே மிஞ்சும்; நிறம் கலங்காமல் ஒளிரும். கத்தரிக்கும் வேலையை ஒருமுறை மகனிடம் கொடுத்ததில், ஆரஞ்சு மீனுக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. வேறு வழியின்றிக் கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாக வைத்து ஒட்டுப் போட்டோம்.

அந்த மீன் ஜப்பானியரின் ரொக்காக்கு என்னும் அறுகோண வடிவில் அமைந்தது. நடுவே ஒரு நெடுங்குச்சி, குறுக்கே இரண்டு. குறுக்குக் குச்சிகளை நூலால் வில்போல் இழுத்துக் கட்டினால் பட்டம் தானாகவே நிலைகொள்ளும், வால் தேவையில்லை. இதே வளைவைப் பயன்படுத்திய வாலில்லாப் பட்டத்துக்குத்தான் அமெரிக்கரான வில்லியம் எடி 1900ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். படத்துக்குக் கீழே வால் தொங்குவது எனக்குப் பிடிக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூங்கில் சீவுவதும் முச்சை கட்டுவதும் என் வேலை. பட்டத்தின் உடலிலிருந்து வந்து பறக்கவிடும் நூலோடு ஒரு முடிச்சில் சேரும் கிளைநூல்களே முச்சை. சீவிய குச்சியின் நடுப்புள்ளியை விரல்மேல் நிறுத்தி, தாழும் பக்கத்தை மட்டும் மேலும் சீவ வேண்டும். முச்சையின் முடிச்சை மேலே நகர்த்தினால் பலத்த காற்றுக்கும், கீழே நகர்த்தினால் மெல்லிய காற்றுக்கும் பட்டம் இசையும். இந்த வேறுபாடு பல நேரங்களில் விரற்கடை அளவுகூட இருக்காது.

கண்காட்சியில் பட்டம் வைப்பதென்பது வேறு கலை. முதல்முறை அந்த மீனைச் சுவரோடு ஒட்டி மாட்டினார்கள். முன்விளக்கு விழுந்ததும் அது மழைச்சட்டைத் துணிபோல் தெரிந்தது. ஆந்தையிடம் கற்றதை நாங்களே மறந்திருந்தோம். இப்போது தூண்டில் நரம்பில் தலைக்கு மேலே சாய்வாகத் தொங்கவிட்டு, விளக்கை அதற்கும் மேலே வைக்கச் சொல்கிறோம். காட்சி முடிந்ததும் வில்நூலைத் தளர்த்திவிடுவோம், இல்லாவிட்டால் மூங்கில் அந்த வளைவிலேயே தங்கிவிடும். பறந்து பார்க்காத பட்டத்தைக் காட்சிக்கு அனுப்புவதில்லை என்று வீட்டில் ஒரு கட்டுப்பாடும் வைத்திருக்கிறோம். பறக்கவே தேவையில்லாமல் அழகுக்காக மட்டும் செய்பவர்களுடன் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதை நான் திரைச்சீலை என்றுதான் சொல்வேன்.

சென்ற முறை அந்த மீனின் கீழே நின்றவர்களில் பலர், அதன் கண் மட்டும் எப்படி இவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று கேட்டார்கள். உடல் முழுவதும் ஒளி ஊடுருவ, அது புக முடியாத ஒரே இடம் அந்த இரட்டை மடிப்பு ஒட்டுதான். நாங்கள் விளக்கத் தொடங்குமுன், அதை வெட்டியவன் தானே என்று மகன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான்.