பிக்கப்புக்கு டீசல் டியூப் மாற்றிய நாட்குறிப்பு

4-1-2025, ஏற்காடு

இன்றும் காலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஒருவழியாகப் பிடித்ததும் குப்பென்று வெள்ளைப் புகை, கொஞ்ச நேரம் இருமல், அப்புறம் சரியாகிவிட்டது. மத்தியானம் அடிவாரத்திலிருந்து உர மூட்டையோடு ஏறும்போது ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. போன மாதம்தான் டீசல் பில்டர் மாற்றினோம். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

பட்டறை அண்ணனுக்குப் போன் செய்தேன். "வெளியே ஒழுகலைன்னா உள்ளே காத்து வாங்குது தம்பி. டியூப் எல்லாம் எந்தக் காலத்துது?" என்றார். வண்டி 2009 மாடல். டியூப்பும் அதே வயசு.

டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற பீட் பம்ப் வரைக்கும் டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்தப் பக்கம் ரப்பர் வெடித்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ராத்திரி முழுக்க வண்டி நின்றால் லைனில் இருக்கும் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். மேடு ஏறும்போது இன்ஜின் அதிகமாக டீசல் கேட்கும், உறிஞ்சலும் கூடும், காற்றும் கூடவே வரும். இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான்.

எனக்கு ஏற்றத்தைவிட இறக்கத்தை நினைத்தால்தான் பயம். இந்த மாதிரி வண்டிகளில் பிரேக் மிதியை லேசாக்குகிற பூஸ்டருக்கு வேக்குவம் (வெற்றிடம்) கொடுக்கிற பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து சுற்றுவது. காபி மூட்டையோடு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது இன்ஜின் நின்றுபோனால், மிஞ்சியிருக்கிற வேக்குவம் சில மிதிகளுக்குத்தான் தாங்கும். அதற்கப்புறம் பிரேக் மிதி கல்லாகிவிடும். சரிசெய்யாமல் லோடு ஏற்றக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

5-1-2025

ஞாயிறு என்பதால் அண்ணனே வீட்டுக்கு வந்தார். பில்டருக்கு முன்னால் இருந்த டியூப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப்பை ஒரு துண்டு மாட்டினார். இன்ஜின் ஓடும்போது அதற்குள் கடுகு கடுகாகக் குமிழி ஓடுவதைக் கண்ணால் பார்த்தேன். அடுத்து ஒரு சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, பீட் பம்புக்கு அதிலிருந்தே நேராக லைன் கொடுத்தார். குமிழி நின்றுவிட்டது. பம்ப் பக்கம் குறை இல்லை, டேங்கிலிருந்து வருகிற லைனில்தான்.

பழைய டியூப்பை மடக்கிப் பார்த்தோம். வெளியே மழமழவென்று இருந்தது. மடக்கியதும் கிளாம்பை ஒட்டி மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன.

6-1-2025, சேலம்

ஸ்பேர் கடையில் விலை குறைச்சலாக இருக்கிறதென்று தண்ணீர் ஹோஸைத்தான் முதலில் நீட்டினார்கள். அது டீசலில் ஊறி உப்பிவிடும். உள்ளே நைட்ரைல் ரப்பர், மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்று எரிபொருள் ஹோஸுக்கான தரக் குறி அச்சடித்த ஹோஸ்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலில் மிஞ்சுவதைத் திருப்பிவிட, துணிப் பின்னல் போட்ட ஓவர்ப்ளோ டியூப், ஓரம் மடித்த கிளாம்பு, எல்லா அளவிலும் காப்பர் வாஷர்.

ரப்பர் இவ்வளவு இறுகியதற்கு வயசு மட்டும் காரணமில்லை என்றார் அண்ணன். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க, புகை மாசைக் குறைக்கிற விதிப்படி பிஎஸ் 4, 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 டீசல் வந்தது. பத்து லட்சத்தில் 50 பங்காக இருந்த கந்தகத்தின் உச்ச வரம்பு 10 ஆகிவிட்டது. கந்தகத்தை எடுக்கிற சுத்திகரிப்பில், ரப்பரை ஊறவைத்து மெத்தென்று வைத்திருந்த சில பொருள்களும் குறைந்துபோகின்றன. பழைய டீசலில் ஊறிப் பழகிய ரப்பர் அப்போது சுருங்கும், பிடிப்பு விடும்.

7-1-2025

டேங்கில் டீசல் குறைவாக இருக்கும்போதே வேலையில் இறங்கினோம். கழற்றும் முன்பே டேங்கிலிருந்து வருகிற சப்ளைக்குச் சிவப்பு டேப், டேங்குக்குத் திரும்புகிற ரிட்டர்னுக்கு நீலம். சேஸில் கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் மலை மண் சேர்ந்து ஈரம் காயாமல் இருந்ததால் இரும்புக் குழாயை அரித்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் குழி குழியாகத் தெரிந்தது. அந்தத் துண்டையும் எடுத்துவிட்டோம். செம்புக் குழாய் போடலாமே என்று கேட்டதற்கு, அதிர்வில் இறுகி விரிசல் விடும் என்று மறுத்து, அண்ணன் இரும்புக் குழாயையே வளைத்தார். ஹோஸ் நழுவாதபடி முனையில் மேடு எடுத்துக் கொடுத்தார். அந்தக் கைவேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பிறகு கையால் அமுக்கி டீசல் ஏற்றுகிற பிரைமரை அமுக்கி, லைனில் இருந்த காற்றை வெளியேற்றினோம். பில்டர் மேலுள்ள ஸ்குரூவைத் தளர்த்தினால் முதலில் நுரை, பிறகு விட்டு விட்டு, கடைசியில் நுரையில்லாத டீசல். செல்ஃப் தொட்டதும் பிடித்துக்கொண்டது.

ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்க நாசில் பைப் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அண்ணன் கையைத் தட்டிவிட்டு, அதற்குப் பதிலாகப் பிடித்துப் பார்க்க ஒரு காகித அட்டைத் துண்டைக் கொடுத்தார். அந்தப் பைப்பில் இருக்கிற அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

8-1-2025

குளிரில் ராத்திரி முழுக்க நின்ற வண்டி, காலையில் உடனே பிடித்தது. மூட்டையோடு இறங்கி, சரக்கோடு ஏறினேன். எந்த வளைவிலும் இழுவை குறையவில்லை.

10-1-2025

சூட்டில் ரப்பர் படிந்திருக்கும் என்று கிளாம்புகளைத் திருகிப் பார்த்தேன், சிலது கொஞ்சம் இறங்கின. பக்கத்துத் தோட்டத்து வண்டியிலும் காலையில் இதே இருமல்தான். பொங்கல் கழிந்ததும் அதற்கும் தெரிகிற டியூப்பை மாட்டிப் பார்க்கப் போகிறோம்.