பூ இறைத்த வாசல்

வஹாகா சந்தைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறியது செண்டுமல்லி வாசனை. அக்டோபர் 30, காலை 8 மணி இருக்கும். லாரி லாரியாகப் பூ இறங்கிக்கொண்டிருந்தது. நம் கோயம்பேடு போலத்தான், ஆனால் இங்கே மல்லிகை இல்லை, ரோஜா இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஆரஞ்சு நிறச் செண்டுமல்லி, நடுநடுவே ரத்தச் சிவப்பில் கோழிக்கொண்டை. எனக்கு அந்த வாசனை ஆகாது. இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாவை எடுத்துக்கொண்டு போனபோது வண்டியிலிருந்து தெருமுனை வரை பிய்த்து இறைத்ததும் இதே பூதான். மறுநாள் காலை, தார் ரோட்டில் ஒட்டிக் கிடந்த இதழ்களைத் தாண்டித் தாண்டித்தான் பால் வாங்கப் போனேன்.

ஊர்ப் பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தைப் பார்த்து ஓக்ஸாகா என்று படித்துவிட்டு டிக்கெட் கவுண்டரில் நான் பட்ட பாடு போதும். வஹாகா. மெக்சிகோவின் தெற்கே, மலைகளுக்கு நடுவில் 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற ஊர். ஹூஸ்டனில் அக்கா மகன் வீட்டுக்கு மூன்று மாதம் இருக்கப் போயிருந்தேன். மகாளய அமாவாசைக்கு அவன் வீட்டுப் பின்புறத்தில் நான் எள்ளும் தண்ணீரும் விட்டதைப் பார்த்துவிட்டு, “மாமா, மெக்சிகோவுல இதுக்குன்னே ஒரு பண்டிகை இருக்கு, போய்ப் பார்த்துட்டு வாங்களேன்” என்று கிளப்பிவிட்டான். அமெரிக்க விசா கையில் இருந்ததால் மெக்சிகோவுக்குத் தனி விசா எடுக்கும் வேலை இல்லை. கோயில் கோயிலாகப் போய் வந்து எழுதுகிறவனுக்கு இதுவும் ஒரு க்ஷேத்திரம்தானே என்று கிளம்பிவிட்டேன்.

தியா தே முயெர்தோஸ், இறந்தவர்களின் நாள். நவம்பர் 1 சிறு வயதில் போன குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதர் நாளும் ஆன்மாக்கள் நாளும் அவை. ஸ்பானியர் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் இருந்த முன்னோர் வழிபாடு அதற்குள் போய்க் கலந்துவிட்டது. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். மெக்சிகோ நகரத்தில் மண்டையோட்டு வேஷம் போட்டுப் பெரிய ஊர்வலம் போகிறதே, அது 2016-இல்தான் ஆரம்பித்தது. அதற்கு முந்தைய வருஷம் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அப்படி ஒரு காட்சி இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு நிஜத்திலும் நடத்திவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு வேண்டியது வீடும் கல்லறையும்தான்.

நான் தங்கியது ஒரு வீட்டு மாடியில். வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபதுக்குப் பக்கம் இருக்கும், ஸ்பானிஷ் மட்டும்தான் வரும். மகள் பள்ளிக்கூட டீச்சர். அவள் ஆங்கிலத்தில்தான் எங்கள் பேச்செல்லாம் நடந்தது. நான் சந்தையிலிருந்து திரும்பியபோது கூடத்தில் ஒஃப்ரெந்தா ஏறிக்கொண்டிருந்தது. நம் பாஷையில் படையல். படிக்கட்டு மாதிரி அடுக்கிய மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி. மேசையின் இரண்டு பக்கமும் தோகையோடு கரும்பு நட்டு, மேலே வளைத்துக் கட்டி, முழுக்கப் பூச் சுற்றியிருந்தார்கள். பொங்கலுக்கு நாம் கட்டுகிற அதே கரும்பு. உச்சிப் படியில் போட்டோக்கள். கீழே ஆரஞ்சு, வாழைப்பழம், நிலக்கடலை, சாக்லேட், ஒரு சிட்டிகை உப்பு. போன மாமனாருக்கு ஒரு சிகரெட் பாக்கெட், ஒரு சின்னக் கிளாஸில் மெஸ்கால் சாராயம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர். தூரத்திலிருந்து நடந்து வருகிறவர்களுக்குத் தாகம் எடுக்குமாம்.

மகள் என்னிடம் பணம் கொடுத்து “கொபால் வாங்கிட்டு வர முடியுமா?” என்று கேட்டபோது, யார் அந்த கோபால் என்று ஒரு நிமிஷம் முழித்தேன். இந்த ஊர்ச் சாம்பிராணி அது, மரத்துப் பிசின். மண் தூபக்காலில் போட்டதும் புகை கூடத்தில் நிறைந்தது. கண்ணை மூடிக்கொண்டால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் வீட்டுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.

அப்புறம்தான் அது நடந்தது. அந்த அம்மாள் ஒரு கூடைப் பூவை மடியில் வைத்துக்கொண்டு, இதழ் இதழாகப் பிய்த்து, தெருக்கதவிலிருந்து முற்றம் வழியாகப் படையல் வரை ஒரு முழ அகலத்துக்கு இறைத்துக்கொண்டே குனிந்து வந்தார். நான் மாடிப்படியில் நின்றுவிட்டேன். நம் ஊரில் வீட்டிலிருந்து வெளியே போகிற வழிக்கு இறைக்கிற பூ. இங்கே தெருவிலிருந்து உள்ளே வருகிற வழிக்கு இறைக்கிறார்கள். நிறமும் வாசனையும் பார்த்துத் தப்பாமல் வீடு வந்து சேருவார்களாம்.

பூ இவர்களுடையதுதான். செம்பசூச்சில் என்பது பழைய நவாத் மொழிப் பெயர், ‘20 பூ’ என்று அர்த்தம். ஐரோப்பியர் கப்பலில் நம் பக்கம் வந்து, நம் ஆயுத பூஜைக்கும் சாவுக்கும் பொதுவாகிப் போயிற்று. பதிலுக்கு இங்கே வந்தது எள். மோலே நெக்ரோ என்று கரிக்கறுப்பாக ஒரு குழம்பு, செத்தவர்களுக்கு அது இல்லாமல் படையல் இல்லை. மிளகாயைக் கருக வறுத்து, சாக்லேட், கிராம்பு, மிளகு எல்லாம் அரைத்துச் சேர்க்கிறார்கள். மகள் அம்மியடியில் எள்ளை வறுத்துக் கொட்டியபோது, நேற்றுவரை நான் தர்ப்பணத்துக்கு விரலிடுக்கில் பிடித்த எள் இவர்கள் தாத்தாவுக்குக் குழம்பாகப் போகிறதே என்று தோன்றியது. எங்கள் வீட்டில் தெவசத்தன்று மிளகாய், தக்காளி இரண்டும் அடுப்பங்கரைக்குள் வராது, மிளகுதான். நாட்டுக்குப் புதிதாய் வந்த பண்டம் பிதுர்களுக்கு ஆகாது என்பாள் பாட்டி. அவை புறப்பட்டு வந்த இடத்துப் பிதுர்கள் கண்ணில் தண்ணீர் வரக் காரம் சாப்பிடுகிறார்கள்.

“உங்களுக்கு யாரும் இல்லையா?” என்று அந்த அம்மாள் கேட்கச் சொன்னார். போனிலிருந்த அம்மாவின் படத்தைக் காட்டினேன். உடனே பிரிண்ட் போட்டு வரச்சொல்லி விரட்டினார்கள். கடையில் அம்மாவின் மூக்குத்தி மின்னலை ஏதோ அழுக்கு என்று நினைத்துத் துடைத்து எடுத்துவிட்டான் பையன். மறுபடி போடச் சொன்னேன். மாமனாருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருந்தது. அவர் சிகரெட்டையும் சாராயத்தையும் பார்த்து, கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அத்தைப் பாட்டி பக்கத்துக்கு மாற்றினார்கள்.

சாப்பாட்டில்தான் சிக்கல். மோலேயில் கோழி. சரி, ரொட்டி வைக்கலாம் என்றால், இந்த ஊரில் செத்தவர்களுக்குச் சுடுகிற ரொட்டி முட்டை மஞ்சள் கரு போட்டது. அதில் சின்னதாய் வர்ணம் பூசிய ஒரு முகம் பதித்திருப்பார்கள். அம்மா முட்டை உடைத்த கரண்டியைக்கூடத் தொட மாட்டாள். அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். கடைசியில் வாழைப்பழம், ஆரஞ்சு, தண்ணீர், ஒரு மண் கோப்பையில் காபி. வெல்லம் மாதிரி ஒன்றும் பட்டையும் போட்டுக் கொதிக்கவிட்ட கறுப்புக் காபி. மெக்சிகோக்காரர்கள் வாங்குகிற பட்டை பெரும்பாலும் இலங்கையிலிருந்து வருவதுதான். கருப்பட்டிக் காபியில் வளர்ந்தவளுக்கு இது ஒன்றும் அந்நியமாக இருக்காது என்று வைத்தேன்.

31-ஆம் தேதி இரவு ஹோஹோகோட்லான். நகரத்துக்குத் தெற்கே பக்கத்திலேயே இருக்கிறது. ஊர்க்காரர்கள் ‘ஹோஹோ’ என்றே சொல்கிறார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே திருவிழாக் கடைகள், ராட்டினம், சோளம் சுடும் புகை. கேமராக் கூட்டம் சகிக்க முடியவில்லை. நானும் அதில் ஒருவன் என்பதால் அதிகம் பேச வாயில்லை. உள்ளே பழைய பகுதியில் இடிந்த ஒரு சின்னக் கோவிலைச் சுற்றிப் பழங்கல்லறைகள், ஒவ்வொன்றிலும் பத்து இருபது மெழுகுவத்தி. மின்விளக்கு தேவைப்படவில்லை. ஒரு பக்கம் பாட்டுக்காரர்கள் கிதாரோடு யாரோ ஒருவருக்குப் பிடித்த பாட்டைப் பாடிக்கொண்டிருக்க, அடுத்த கல்லறையில் ஒரு கிழவர் தனியாக மடக்கு நாற்காலியில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காற்றில் ஒரு மெழுகுவத்தி அணைந்தால் எழுந்து ஏற்றுவார், மறுபடி உட்காருவார். அவ்வளவுதான் அவருக்கு வேலை. நான் பார்த்துக்கொண்டு நின்ற முக்கால் மணி நேரத்தில் நாலு தடவை எழுந்தார். நாங்கள் சுடுகாட்டில் காரியத்தை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தவர்கள். ராத்திரி 2 மணிக்கு அறைக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். குளிர் பல்லைக் கிட்டியது.

மறுநாள் மித்லா போனேன், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான சபொதெக் மக்கள் தங்கள் பெரியவர்களைப் புதைத்த புனித இடம்; மாண்டவர் உலகமான மிக்த்லான் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கல் துண்டுகளைச் சாந்து இல்லாமல் பொருத்திக் கோலம் போட்டிருக்கிறார்கள். நிஜமாகவே கோலம்தான், படிக்கோலம். பழைய மேடைமேலேயே ஸ்பானியர் கட்டிய தேவாலயமும் நிற்கிறது. வெயில் தாங்காமல் சீக்கிரம் திரும்பிவிட்டேன்.

3-ஆம் தேதி காலை படையலைப் பிரித்தார்கள். வந்தவர்கள் சாரத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள், மிச்சத்தில் ருசியோ வாசனையோ இருக்காது என்பது இங்கே நம்பிக்கை. அந்த அம்மாள் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டு, “பார்த்தியா, ஒண்ணுமே இல்ல” என்று மகளிடம் திருப்தியாகச் சொன்னார். எனக்கு அம்மாவின் பங்கிலிருந்து ஆரஞ்சை எடுத்து நீட்டினார்கள். உரித்து ஒரு சுளை தின்றேன்.

“இனிக்குதே” என்றேன்.

அந்த அம்மாள் முகம் மாறிவிட்டது. “உங்க அம்மாவுக்கு ஆரஞ்சு பிடிக்குமா?” என்று மகள் வழியாகக் கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். புளிக்கும், பல் கூசும் என்று தொடவே மாட்டாள்.

“அப்புறம் ஏன் வச்சீங்க? அவங்களுக்கு என்னதான் பிடிக்கும்?”

“கை முறுக்கு.”

அது என்ன என்று விளக்க விரலால் மேசைமேல் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டியிருந்தது. அந்த அம்மாளும் தன் விரலால் ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டார். “அடுத்த தடவை கொண்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, முற்றத்து இதழ்களைப் பெருக்க விளக்குமாற்றை எடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு தெருக்கதவுப் பக்கமிருந்து ஆரம்பித்தேன்.