ஏற்காட்டில் ஒரு ரேஸ் குதிரையைச் சவாரியிலிருந்து இறக்கிய அனுபவம்

போன மே மாதம் அப்பாவை ஏற்காடு கோடை விழாவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். அப்பா கிண்டி ரேஸ் கோர்ஸில் 26 வருடம் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக இருந்தவர். ஏரிக்கரையில் சவாரிக்கு நின்ற மட்டக் குதிரைகளுக்கு நடுவே உயரமாக ஒரு செந்நிறக் குதிரை. “இது ரேஸ் குதிரைடா” என்றவர், அது நாலு எட்டு வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். வலது முன்னங்காலை ஊன்றும்போதெல்லாம் தலை மேலே எழும்பியது. முட்டிக்குக் கீழே பின்பக்கத் தசைநாண் வில் மாதிரி புடைத்திருந்தது. முதுகில் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும்.

“தம்பி, கால் போயிருக்கே?” என்றார் அப்பா. “ஊசி போட்டிருக்கேங்க ஐயா, நல்லாத்தான் நடக்குது” என்றான் அந்தப் பையன்.

அப்பாவை உலுக்கியது அந்த ஊசிதான். வலி தெரியாத குதிரை அடிபட்ட காலிலேயே முழு எடையையும் போடும். தசைநாண் மேலும் கிழியும். ரேஸ் கோர்ஸில் இது நடக்காது. ஓடுவதற்கு முன் மருத்துவர் பார்ப்பார், ஜெயித்த குதிரையின் சிறுநீரைச் சோதனைக்கு எடுப்பார்கள், வலி மருந்து தெரிந்தால் பயிற்சியாளருக்குத் தண்டனை உண்டு. அந்தக் காவல் எல்லாம் ஓடுகிறவரைதான். அந்தியூர் சந்தையில் கடன்பட்டு இதை வாங்கிய பையனிடம் அதன் பழைய காயத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவனைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை.

கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962-க்கு அழைத்தேன். வேறொரு ஊரில் மாட்டைப் பார்த்துவிட்டு வண்டி வர இரண்டு மணி நேரம் ஆனது. மருத்துவர் காலைத் தொட்டுப் பார்த்துச் சீட்டு எழுதினார். ‘காயம்’ என்று மட்டும் இருந்தது. ‘வேலைக்குத் தகுதியில்லை’ என்று சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, நோயாலோ புண்ணாலோ வேலைக்குத் தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவதையே குற்றம் என்கிறது. இந்த வழியில் போகிறவர்கள் அந்த இரண்டு வார்த்தை இல்லாமல் சீட்டை வாங்காதீர்கள்.

காவல் நிலையத்தில், “இந்தக் குதிரைதான்னு எப்படி அடையாளம் சொல்வீங்க?” என்று கேட்டார்கள். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன்: நெற்றியில் வெள்ளைப் பொட்டு, பின் இடது காலில் குளம்புவரை வெள்ளை, கழுத்தில் எந்தப் பக்கம் எத்தனை சுழி. ரேஸ் குதிரையின் பாஸ்போர்ட்டிலும் சுழியைக் குறிப்பார்களாம். அப்புறம்தான் அபராதத் தொகையைப் பார்த்தேன். முதல் முறை என்றால் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு சவாரிக்கே அதைவிட அதிகம் வாங்குகிறார்கள். வழக்கு நடந்தாலும் மறுநாள் குதிரை ஏரிக்கரையில்தான் நிற்கும் என்று புரிந்தது.

அதனால் அந்தப் பையனிடம் பேசினோம். அவன் கொடுத்த விலையில் பாதியை நாங்கள் தந்து குதிரையைக் கூட்டிப் போவது, அவன் இனி அதைச் சவாரிக்கு விடுவதில்லை என்று எழுதிக் கொடுப்பது. அப்பாவின் பழைய கூட்டாளிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள்.

குதிரையை உடனே மலையிலிருந்து கீழே கொண்டுவர முடியவில்லை. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற நோய் மனிதருக்கும் தொற்றும் என்பதால் ரத்த மாதிரியை ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பினார்கள். நோய் இல்லை என்று முடிவு வர 19 நாள். அதுவரை அந்தப் பையனே தீனி போட்டான், காலுக்குத் தண்ணீர் ஊற்றினான். பயணத்துக்கு உடல் தாங்கும் என்ற சான்று தனியாக வாங்க வேண்டும். அது இல்லாமல் குதிரையை லாரியில் ஏற்றக்கூடாது.

தளத்தில் மணலும் வைக்கோலும் பரப்பி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அப்பா குதிரையின் பக்கத்தில் நின்றபடியே இறங்கினார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு, ஓமலூர்ப் பக்கம் மாமாவின் தென்னந்தோப்பில் கட்டினோம். எட்டு மாதம் முதுகில் யாரும் ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கொள்ளுத் தீனியைக் குறைத்துப் புல்லைக் கூட்டியிருக்கிறோம். காலையிலும் மாலையிலும் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர்.

அப்பா தினமும் விடியலில் தோப்புக்குப் போய்ப் புறங்கையால் அந்தக் காலைத் தொட்டுப் பார்க்கிறார். இன்னும் கொஞ்சம் சூடு இருக்கிறது என்கிறார்.